கோதுனோவ் வீட்டுச் சாட்சி

மணிகள் முழங்கத் தொடங்கியதும் நாற்காலியின் கைப்பிடி அதிர்ந்தது. மாஸ்கோவின் பல்ஷோய் அரங்கில், கூரைக்குச் சற்றுக் கீழே இருக்கும் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். கைக்கு எட்டிய விலையில் கிடைத்த இடம் அது. கீழே மேடையில் தங்கக் கூடாரம் போல ஒரு மனிதர் நடந்து வந்தார். தலையில் மகுடம், தோளில் கல் பதித்த கனத்த அங்கி. இருபுறமும் மண்டியிட்ட கூட்டம் வாழ்த்திப் பாடுகிறது. அவர் முகத்தில் மட்டும் மகிழ்ச்சி இல்லை. போரிஸ் கோதுனோவ் ஜார் மன்னராக முடிசூடும் காட்சி.

எனக்கு ரஷ்ய மொழி தெரியாது. நிகழ்ச்சிக் கையேட்டில் இருந்த கதைச் சுருக்கத்தை அரையிருட்டில் படித்துப் படித்து மேடையோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரண்மனைக் காட்சி தொடங்கியபோது ஓர் இளம்பெண் கையில் படத்தை வைத்துக்கொண்டு அழுதாள். யாரென்று பார்க்கக் கையேட்டைப் புரட்டினேன். நிமிர்வதற்குள் அவள் பகுதி முடிந்துவிட்டது. பிறகு பெரிய காட்சி வந்தது. அறையின் கடிகாரம் அடிக்கிறது. மூலையில் செத்துப்போன சிறுவன் நிற்பதாக ஜாருக்குத் தோன்றுகிறது. அந்த மாபெரும் உடல் தரையில் சரிந்து கெஞ்சுகிறது. முசோர்க்ஸ்கியின் இசையில் அந்தக் கடிகாரம் நம் விலா எலும்புக்குள்ளேயே அடிக்கிறது.

இடைவேளையில் பக்கத்து இருக்கை அம்மையார் பேச்சுக் கொடுத்தார். வெள்ளை முடி, கழுத்தில் மணிமாலை, பையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டி. பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவராம், நிதானமான ஆங்கிலம்.

"எப்படி இருக்கிறது?"

"அந்தக் குழந்தையைக் கொன்றதற்கு இந்த ஆள் நன்றாக அனுபவிக்கிறார்" என்றேன்.

அவர் ரொட்டியைப் பிட்டு எனக்கு ஒரு துண்டு நீட்டினார். "அவர் கொன்றார் என்று உங்களுக்குச் சொன்னது யார்?"

கையேட்டைக் காட்டினேன். சிரித்தார். "அதற்கு யார் சொன்னது என்று தேடிக்கொண்டே போங்கள். நான்கு நாள் இருக்கிறீர்கள் அல்லவா?"

அந்த நான்கு நாள் பயணத்தின் கதைதான் இது.

மறுநாள் காலை செஞ்சதுக்கம். செப்டம்பர் கடைசி, வெயில் இருந்தும் சூடு இல்லை. பசில் தேவாலயத்தின் வண்ணக் குமிழ்களைப் படம் பிடிக்கும் கூட்டம் அதன் எதிரே இருக்கும் வட்டமான கல்மேடையைக் கவனிப்பதில்லை. லோப்னயே மெஸ்தோ என்று பெயர். அந்தக் காலத்தில் அரச ஆணைகளை மக்களுக்குப் படித்துக் காட்டிய இடம்.

கதையின் எலும்புக்கூடு இது. கொடுங்கோலன் என்று பெயரெடுத்த இவான் 1584இல் இறந்தார். பட்டத்துக்கு வந்த மகன் ஃபியோதர் சாது. ஆட்சி மைத்துனர் போரிஸ் கோதுனோவின் கையில். இவானின் கடைசி மனைவியின் பிள்ளை திமித்ரியைத் தாயோடு வோல்கா கரையில் உள்ள உக்லிச் ஊருக்கு அனுப்பினார்கள். 1591 மே 15 அன்று, எட்டு வயதில், கழுத்தில் கத்திக் காயத்தோடு அந்தப் பிள்ளை இறந்தது. 1598இல் ஃபியோதரும் வாரிசின்றிப் போக, போரிஸ் ஜாராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சில ஆண்டுகளில் போலந்துப் பக்கமிருந்து ஒருவன் "நானே திமித்ரி, சாகவில்லை" என்று படையோடு வந்தான். 1605 ஏப்ரலில் போரிஸ் திடீரென இறந்தார்.

அதே ஆண்டு ஜூன் 1 அன்று இந்தக் கல்மேடையில் நின்று, போலி திமித்ரியின் ஓலையை மாஸ்கோ மக்களுக்கு அறிவிக்கத் தூதர்களாக வந்தவர்கள் இருவர். ஒருவர் பெயர் பிளெஷ்செயெவ். இன்னொருவர் கவ்ரிலா புஷ்கின்.

ஆம், அந்தப் புஷ்கின் குடும்பம்தான். ஓலை கேட்ட கூட்டம் அரண்மனைக்குள் புகுந்தது. ஏழு வாரமே ஜாராக இருந்த போரிஸின் மகன் ஃபியோதர், பதினாறு வயது, பிடிபட்டான். பத்து நாளில் அவனையும் தாயையும் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். இருநூற்றிருபது ஆண்டு கழித்து, 1825இல், ஜாரின் கோபத்துக்கு ஆளாகி பிஸ்கோவ் மாகாணத்து மிகாய்லவ்ஸ்கயே பண்ணையில் அடைபட்டுக் கிடந்த கவி அலெக்ஸாந்தர் புஷ்கின் 'போரிஸ் கோதுனோவ்' நாடகம் எழுதியபோது, தன் குலத்து கவ்ரிலாவைப் பெயர் மாற்றாமல் அதில் இறக்கினார். இந்த மேடையில் அவர் நின்று பேசுவது நாடகத்தில் ஒரு காட்சி. ஓபராவில் கவ்ரிலா மேடைக்கு வருவதில்லை. ஆனால் ஓபராவுக்கு மூலம் அந்த நாடகம்தான். அதாவது கோதுனோவ் வீட்டைக் கவிழ்த்த குடும்பத்துப் பிள்ளைதான் அந்த வீட்டின் கதையை எழுதியிருக்கிறார்.

புஷ்கினுக்கு இந்தச் செய்தி எங்கிருந்து? கரம்ஸின் எழுதிய ரஷ்ய அரசு வரலாற்றிலிருந்து. நாடகத்தையே அவர் நினைவுக்குத்தான் படைத்தார். கரம்ஸின் போரிஸைக் கொலைகாரர் என்றே எழுதினார். அவருக்கு எங்கிருந்து? அதற்குச் சதுக்கத்தைத் தாண்டிக் கிரெம்ளினுக்குள் போக வேண்டும்.

உள்ளே முதலில் கண்ணில் படுவது மகா இவான் மணிக்கோபுரம். 81 மீட்டர். அதை இந்த உயரத்துக்கு எழுப்பியவர் போரிஸ். குமிழுக்குக் கீழே வளையமாக ஓடும் தங்க எழுத்துகளில் அவர் பெயரும் மகன் ஃபியோதரின் பெயரும் 1600ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்டன. அந்த 1600 பிப்ரவரியில், உலகின் மறுகோடியில் பெரு நாட்டில், வாய்னாபுத்தினா என்ற எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் கந்தகமும் வானை மறைத்ததில் ரஷ்யாவில் கோடையிலேயே உறைபனி விழுந்து பயிர் கருகியது. 1601 முதல் மூன்று ஆண்டு பஞ்சம். மாஸ்கோவில் மட்டும் 1,27,000 பிணங்களைப் பொதுக்குழிகளில் புதைத்ததாக அக்காலத் துறவி ஒருவர் எழுதிவைத்தார். போரிஸ் களஞ்சியத்தைத் திறந்தார், காசு கொடுத்தார், தீரவில்லை. குழந்தையைக் கொன்ற பாவம்தான் நாட்டைப் பிடித்தது என்று ஊர் பேசியது. பெருவில் வெடித்த மலையை மாஸ்கோவில் எவர் அறிவார்? ஓபராவில் பசில் தேவாலய வாசலில் கந்தல் உடுத்த கூட்டம் ஜாரிடம் ரொட்டிக்குக் கதறும் காட்சியின் பின்னால் இருப்பது அந்த மலை.

கோபுரத்துக்கு அருகே தேவதூதர் பேராலயம். பீட்டருக்கு முந்தைய ஜார்களின் இடுகாடு. வரிசை வரிசையாக உலோக உறையிட்ட கல்லறைகள். அவற்றுக்கு நடுவே செதுக்குக் கல் விதானத்தின் கீழ் சின்ன திமித்ரி, புனிதராக. அதே கூரையின் கீழ் வஸீலி ஷூய்ஸ்கி. இந்த ஷூய்ஸ்கிதான் நம் ஆள்.

உக்லிச் சாவை விசாரிக்க 1591இல் போன குழுவின் தலைவர் ஷூய்ஸ்கி. குழந்தைகளோடு கத்தி எறிந்து விளையாடும்போது பிள்ளைக்கு வலிப்பு வந்தது, கத்திமேல் விழுந்தான், விபத்து என்று அறிக்கை கொடுத்தார். 1605இல் போலி திமித்ரி வெல்லத் தொடங்கியதும், பிள்ளை பிழைத்துவிட்டான், இவரே அவர் என்று ஒத்துக்கொண்டார். 1606இல் அந்தப் போலியைக் கொன்று தானே ஜாரானதும், பிள்ளை சாகத்தான் செய்தான், கொன்றவர் போரிஸ் என்று மூன்றாவதாக மாற்றினார். உக்லிச்சிலிருந்து எலும்புகளைக் கொண்டுவந்து புனிதராக அறிவிக்கவும் செய்தார். இனி எவனும் நான்தான் திமித்ரி என்று எழும்பக் கூடாது அல்லவா? ஒரே வாய், மூன்று வாக்குமூலம். திருச்சபை ஏற்றுக்கொண்டதால் மூன்றாவது நிலைத்தது. தானே கத்தியில் விழுந்தவனைத் தியாகி ஆக்க முடியாது. புனிதருக்கு ஒரு கொலைகாரன் வேண்டியிருந்தது.

பல்ஷோய் அம்மையார் ரொட்டியைத் தின்றுகொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. "இவானின் கடைசித் திருமணத்தைத் திருச்சபை கணக்கிலேயே எடுக்காது, மூன்றுக்கு மேல் அனுமதி இல்லை. ஃபியோதருக்கு அப்போது முப்பது சொச்சம் வயதுதான். அடுத்த ஆண்டே அவருக்கு ஒரு பெண் பிறந்தாள். பட்டத்துக்கு அவ்வளவு தூரத்தில் நின்ற பிள்ளையைக் கொன்று போரிஸுக்கு என்ன ஆகப் போகிறது?"

மாலையில் த்ரெத்யகோவ் ஓவியக்கூடம் போனேன். முசோர்க்ஸ்கியை நேரில் பார்க்க வேண்டும் என்றால் அங்கேதான். ரேபின் 1881 மார்ச்சில், ராணுவ மருத்துவமனையில் வைத்து, நான்கு அமர்வில் தீட்டிய படம். கலைந்த தலை, சிவந்த மூக்கு, குடியால் ஊதிய முகம், சிவப்பு மடிப்பு வைத்த அங்கி. கண்கள் மட்டும் நம்மைத் தாண்டி எதையோ கேட்டுக்கொண்டிருக்கின்றன. படம் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, போய்விட்டார். வயது 42.

அந்த முகத்துக்குள் இருக்கும் குடும்பம் விசித்திரமானது. பதினைந்தாம் நூற்றாண்டில் ரோமன் மொனஸ்திர்யோவ் என்ற பிரபுவுக்கு 'முசோர்கா' என்று பட்டப்பெயர். இசைக்காரர் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லின் திரிபு என்பார்கள். இன்றைய ரஷ்யக் காதில் அது 'முசர்', அதாவது குப்பை, என்றும் விழும். அந்த ரோமன் ஸ்மொலென்ஸ்க் இளவரசர் வழி. அவர்கள் ரூரிக்கின் வழி. இவானும் ரூரிக் வழி. திமித்ரியும், ஷூய்ஸ்கியும் அப்படியே. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் முசோர்க்ஸ்கி செத்த பிள்ளைக்குப் பங்காளி. சாட்சி மாற்றிச் சொன்ன ஷூய்ஸ்கிக்கும் பங்காளி. ரூரிக் வீட்டின் நாற்காலியில் உட்கார்ந்த அசலூரான் கோதுனோவ் ஒருவர்தான்.

ஓபராவின் மூலத்தைத் தேடிப்போனால் குடும்பப் பகையல்லவா வந்து நிற்கிறது என்று நினைத்தேன். ஷூய்ஸ்கி பட்டத்துக்குப் போட்டி, புஷ்கின் குலம் கவிழ்த்த குலம், முசோர்க்ஸ்கி பங்காளி. வாதி வீட்டாரே நீதிபதி, எழுத்தர், பாடகர்.

ஆனால் முசோர்க்ஸ்கியின் அப்பாவைப் பெற்றவள் ஒரு பண்ணையடிமை. பிரபுவான தாத்தா அவளோடு வாழ்ந்து, பிள்ளைகள் பிறந்து வெகு காலம் கழித்தே அவர்களுக்குச் சட்டப்படி உரிமை வாங்கிக் கொடுத்தார். முப்பாட்டன் இளவரசன், பாட்டி அடிமை. 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்ததும் குடும்பச் சொத்து சுருங்கியது. காவல்படை அதிகாரி வேலையை முன்பே விட்டவர் அரசு வனத்துறையில் குமாஸ்தாவாக உட்கார்ந்தார். பகலில் கோப்பு, இரவில் ஜார்! 1869இல் முடித்த முதல் வடிவத்தைப் பேரரசின் அரங்க நிர்வாகம் திருப்பி அனுப்பியது. பெண் பாடகிக்குப் பெரிய பாத்திரம் இல்லாததும் ஒரு குறை. போலந்துக் காட்சிகளைச் சேர்த்துத் திருத்தினார். 1874இல் பீட்டர்ஸ்பர்க் மரீன்ஸ்கி அரங்கில் மேடையேறியது.

அந்த ஓபராவில் பெரிய பாத்திரம் ஜார் அல்ல, கூட்டம் என்று பல்ஷோயில் எனக்குப் பட்டது. முதல் காட்சியில் காவலன் கம்பை ஓங்கியதும் மண்டியிட்டு அழும் ஜனங்கள், எதற்கு அழுகிறோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அந்த எள்ளல் இளவரசர் வழி வந்ததல்ல. பாட்டி வழி வந்தது. போரிஸுக்கும் அவர் சாதாரணத் தீர்ப்பு எழுதவில்லை. குற்றத்தை மரபு சொன்னபடியே வைத்துக்கொண்டு, குற்றவாளிக்கு ரஷ்ய இசையிலேயே மிக ஆழமான குரலைக் கொடுத்துவிட்டார். அரங்கை விட்டு வெளியே வருபவர் யாரும் ஷூய்ஸ்கிக்காக வருந்துவதில்லை.

மூன்றாம் நாள் உக்லிச். பேருந்தில் பாதி நாள். மஞ்சள் பூத்த பிர்ச் மரங்கள், அறுத்து முடிந்த வயல்கள், சாலையோரத்தில் வாளியில் காளானும் உருளையும் விற்கும் பாட்டிகள். ஊர் சின்னது. வோல்கா மட்டும் பெரியது. காற்றில் கறுத்து நுரைத்துக்கொண்டிருந்தது. கரையில் பதினைந்தாம் நூற்றாண்டுச் செங்கல் அரண்மனைக் கூடம். அருகே பிள்ளை விழுந்த இடத்தில் எழுப்பிய 'இரத்தத்தின் மேல் திமித்ரி' தேவாலயம், 1692இல் கட்டியது. சிவப்புச் சுவர், வெள்ளை வரம்பு, நீலக் குமிழ்களில் தங்க நட்சத்திரங்கள். துக்க இடத்துக்கு இவ்வளவு அழகு தேவையா என்று தோன்றும்.

உள்ளே ஒரு மணி. அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

பிள்ளை இறந்த அன்று அபாய மணி அடித்து ஊரைக் கூட்டியது அது. கூட்டம் வெறிகொண்டு அரசு அதிகாரியையும் மற்றவர்களையுமாகப் பதினைந்து பேரை அடித்துக் கொன்றது. மாஸ்கோ தண்டித்தது. பலருக்கு மரணம். அறுபது குடும்பங்கள் சைபீரியாவுக்கு நாடுகடத்தல். மணிக்கும் தண்டனை! கோபுரத்திலிருந்து இறக்கி, பன்னிரண்டு கசையடி கொடுத்து, நாக்கைப் பிடுங்கி, மணியை மாட்டும் 'காது' ஒன்றை அறுத்து, சைபீரியாவின் தோபோல்ஸ்கு வரை நாடுகடத்தினார்கள். முந்நூறு கிலோவுக்கு மேல் எடை. உக்லிச்காரர்களே அதை இழுத்துக்கொண்டு போனார்கள். ஊருக்குத் திரும்ப அதற்கு 1892 ஆயிற்று. முந்நூறு ஆண்டு நாடுகடத்தலுக்குப் பிறகு விடுதலையான கைதி வேறு யார் இருக்கிறார்கள்?

தொடத் தடை. எட்டிப் பார்த்தேன், பச்சையேறிய வெண்கலம். பழைய மணி தோபோல்ஸ்கில் தீ விபத்தொன்றில் உருகிவிட்டது, இது பிறகு வார்த்தது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. திமித்ரிக்குப் போலி வந்த கதையில் மணிக்கும் போலி வந்திருந்தால் பொருத்தம்தான்.

வெளியே வந்து ஆற்றங்கரையில் உட்கார்ந்தேன். இதே வோல்கா கீழே போய்க் கொஸ்த்ரோமாவைத் தொடும். அங்கே இருக்கும் இபாதியெவ் மடம் கோதுனோவ் குலத்தின் மடம். தங்கள் மூதாதை செத் என்ற தாத்தார் தலைவன், மதம் மாறி 1330இல் அந்த மடத்தைக் கட்டினான் என்பது குலக்கதை. மடத்துக்குப் பெருமை சேர்க்கப் பின்னால் புனைந்தது, அவர்கள் கொஸ்த்ரோமா மண்ணின் ரஷ்யப் பிரபுக்களே என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். தாத்தார் வழி என்ற பேச்சு பிறகு வசையாகத்தான் பயன்பட்டது. விளையாட்டு அதோடு முடியவில்லை. 1613இல் முதல் ரோமானவ் ஜாராக மிகயீலைத் தேர்ந்தெடுத்ததும், தூதுக்குழு வந்து அவரைச் சம்மதிக்க வைத்தது அதே இபாதியெவ் மடத்தில். போரிஸ் கட்டாயத் துறவியாக்கிய ஒருவரின் மகன் அவர். கோதுனோவ் வீட்டுத் திண்ணையிலேயே அடுத்த வம்சம் தாம்பூலம் மாற்றிக்கொண்டது. தேர்தல் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்களில் புஷ்கின்களும் உண்டு. போரிஸ் பக்கம் பேச அவர் வீட்டில் ஆண்வாரிசு இல்லை.

கடைசி நாள் செர்கியெவ் பொசாத். மாஸ்கோவிலிருந்து மின்ரயிலில் எழுபது கிலோமீட்டர். வெள்ளை மதில், நீலக் குமிழ்கள், மெழுகுவத்தி வாசனை. திரித்துவ மடத்து விண்ணேற்புப் பேராலயத்தின் அருகே ஊற்று மண்டபம். பிளாஸ்டிக் குப்பிகளோடு ஜனங்கள் புனித நீருக்கு வரிசை நிற்கிறார்கள். சில எட்டு தள்ளிப் பேராலய மூலையில் சிறிய வெள்ளைக் கட்டடம் ஒன்று. தெரியாதவர் மோட்டார் அறை என்று நினைத்துக்கொள்வார். கோதுனோவ்களின் கல்லறை.

போரிஸை முதலில் புதைத்தது கிரெம்ளினில், ஜார்களோடு. போலி திமித்ரி தோண்டி வெளியே எறிந்தான். ஷூய்ஸ்கி, பெருந்தன்மையாக, இங்கே கொண்டுவந்தார். அன்று பேராலய முகப்புக்குள் இருந்த கல்லறை, முகப்பை இடித்தபின் வெளியே நிற்கிறது. 1945இல் அறிஞர்கள் திறந்தபோது யாரோ முன்பே கொள்ளையடித்திருந்தார்கள். முகத்தை மீட்டு வடிக்கக்கூட மண்டையோடு தேறவில்லை. செத்த பிள்ளையும் சாட்சி மாற்றியவரும் ஜார்களோடு உள்ளே. இவர் வெளியே, மழையில்.

உள்ளே நால்வர். போரிஸ், மனைவி, மகன் ஃபியோதர். இந்த மகன் ரஷ்யாவுக்கு வரைபடம் வரைந்தவன். அதை ஆதாரமாக வைத்துப் பின்னாளில் ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டார்கள். ஓபராவில் பையன் அப்பாவுக்கு வரைபடம் காட்டுவது கற்பனை அல்ல. நான்காவது, மகள் க்ஸேனியா.

அங்கே நின்றபோதுதான் உறைத்தது. பல்ஷோயில் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அழுதுவிட்டுப் போனாளே, அவள்தான் க்ஸேனியா. கையில் இருந்தது மாப்பிள்ளையின் படம். அவளை மணக்க மாஸ்கோ வந்த டென்மார்க் இளவரசன் 1602இல் காய்ச்சலில் செத்தான். அது உண்மை. அதன் பிறகு நடந்தது ஓபராவில் இல்லை. தாயும் தம்பியும் கொலையானபின் அவள் போலி திமித்ரியின் கைதி. பிறகு மொட்டையடித்துத் துறவியாக்கினார்கள். போலந்துப் படை இந்த மடத்தை முற்றுகையிட்டுப் பதினாறு மாதம் நின்றபோது, உள்ளே சிக்கிக்கொண்டு அத்தைக்குக் கடிதம் எழுதினாள். அவள் உயிரோடிருக்கும்போதே அவள் புலம்பல் பாட்டாகி ஊரில் உலவியது. மாஸ்கோ வந்த ஆங்கிலப் பாதிரியார் ஒருவர் அதை 1619–20இல் எழுதி வாங்கிப் போனார்.

1622இல் சாகும்போது அவள் கேட்டது ஒன்றுதான்: என்னைப் பெற்றவர்களோடு புதையுங்கள்.

கல்லறைச் சுவரைத் தொட்டேன், குளிர். வரிசையில் நின்ற ஒரு மூதாட்டி, நான் எதையோ தேடுகிறேன் என்று நினைத்து, தண்ணீர் வரும் மண்டபத்தைக் கை காட்டினார். தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றேன். அந்த வேண்டுகோள் எதையும் நிரூபிக்காது. கொலைகாரன் மகளும் அப்பாவைத் தேடுவாள். ஆனால் நான்கு நாளாக நான் கேட்ட சாட்சிகளில் கோதுனோவ் வீட்டுக்குள்ளிருந்து வந்தது இது ஒன்றே. பேசியவள் மேடையில் சில நிமிடம் நின்றாள். அப்போது நான் கையேட்டில் வேறு யார் பெயரையோ தேடிக்கொண்டிருந்தேன்.